வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, வழக்கு பாதியில் நிற்கிறது: அடுத்து என்ன?

வழக்கு போட்டபோது கையில் இருந்த பணம் மூன்றாவது வருடம் இருப்பதில்லை. பாகப்பிரிவினை, விவாகரத்து, செக் வழக்கு என எதுவானாலும் நம் ஊர் நீதிமன்றங்களில் அது வருடக்கணக்கில் ஓடும். ஆரம்பத்தில் ஒரு தொகை, இடையில் போடும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தொகை, குமாஸ்தாவுக்குத் தனி, நகல் எடுக்கத் தனி, சாட்சி விசாரணை வந்தால் மறுபடியும் ஒரு தொகை. நடுவில் வேலை போகலாம், வீட்டில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரலாம். அந்த நேரத்தில் பலரும் வக்கீலின் போனை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பணம் இல்லை என்று சொல்லக் கூச்சம். இவர் கேட்கவில்லையே என்று வக்கீலும் வாய்தாவுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்.

வழக்கு கெடுவது அந்த இடத்தில்தான். சிவில் வழக்கில் வாதி தரப்பில் யாரும் வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும். பிரதிவாதி தரப்பில் வராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, அதாவது எக்ஸ்பார்ட்டி. குற்ற வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வராவிட்டால் பிடியாணை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யவும், தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கவும் 30 நாள்தான் கெடு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்லித் தாமத மன்னிப்பு மனு போட வேண்டும். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், நீதிமன்றம் செலவுத்தொகை கட்டச் சொல்லும். வக்கீலிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட இது அதிகம்.

அதனால் பணத்துக்கு வழி தேடுவதற்கு முன் அடுத்த வாய்தா தேதியைக் கண்டுபிடியுங்கள். இதற்கு வக்கீலைக் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர் என்ற 16 இலக்க அடையாளம் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியிலோ இணையதளத்திலோ அதைப் போட்டால் அடுத்த தேதி, வழக்கு இருக்கும் கட்டம், முந்தைய வாய்தாக்களில் நடந்தது எல்லாம் தெரியும். அந்த எண் இல்லாவிட்டால் மாவட்டம், நீதிமன்றம், வழக்கு எண், வருடம் கொடுத்தும் தேடலாம். கட்சிக்காரர் பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டல் கொஞ்சம் மாறினாலும் வழக்கு கிடைக்காது. கிடைத்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்தா நாளைக்கே என்றால் நீங்களே போய் நில்லுங்கள். வழக்கைக் கூப்பிடும்போது முன்னால் வந்து, வக்கீல் வைத்துக்கொள்ள இப்போது வசதியில்லை, சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கிறேன், அவகாசம் வேண்டும் என்று சொல்லுங்கள். இதையே வழக்கு எண்ணோடு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. கட்சிக்காரர் நேரில் நின்று பேசும்போது, எடுத்த எடுப்பில் எக்ஸ்பார்ட்டி ஆக்க நீதிபதிகள் பொதுவாகத் தயங்குவார்கள். ஆனால் இப்படி எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டப்படி விசாரணையின்போது ஒரு தரப்புக்கு 3 தடவைக்கு மேல் வாய்தா தரக்கூடாது. நீதிமன்றங்கள் இதைத் தளர்த்துவதுண்டு, அதை நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்தது இப்போதுள்ள வக்கீலிடம் பேசுவது. வராண்டாவில் நின்று பேசாமல் நேரம் கேட்டு அலுவலகத்துக்குப் போங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்க வேண்டும்: வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தீர்ப்பு வரை இன்னும் என்னென்ன வேலை பாக்கி, இதுவரை கொடுத்தது போக எவ்வளவு பாக்கி. பதில்களை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைப்பது பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீலின் கடமை. பீஸுக்கு எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு என்று கேட்பதில் தவறே இல்லை.

பேச்சில் இறங்கிவர இடம் இருக்கிறது. மொத்தத் தொகையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கலாம்: சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு என்று. சாதாரண வாய்தாக்களுக்கு ஜூனியர் போகட்டும், குறுக்கு விசாரணைக்கு மட்டும் சீனியர் வரட்டும் என்று கேட்கலாம். இடைக்கால மனுக்களில் எதை விட்டால் வழக்குக்குக் கேடில்லை என்றும் கேளுங்கள். ஆணையர் நியமன மனு, கூடுதல் ஆவணம் சேர்க்கும் மனு என்று ஒவ்வொன்றும் தனிச் செலவு, அவற்றில் சில தவிர்க்கக்கூடியவை. இரண்டு விஷயங்களுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்று, ஜெயித்தால் வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்ற பேரம். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இது சகஜமாக நடக்கிறது, ஆனால் பார் கவுன்சில் விதிகள் இதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. இன்னொன்று, பாக்கிக்கு ஈடாகப் புரோநோட்டோ தொகை எழுதாத செக்கோ கொடுப்பது. ஒரு வழக்கை நடத்தவே பணம் இல்லாதவர் மேல் இன்னொரு வழக்கு வருவதற்கு அது வழி செய்துவிடும்.

பேச்சு ஒத்துவரவில்லை என்றால் பிரிய வேண்டியதுதான். எடுத்த வழக்கிலிருந்து வக்கீல் தகுந்த காரணமும் போதுமான முன்னறிவிப்பும் இல்லாமல் விலகக்கூடாது. விலகினால், செய்யாத வேலைக்கு வாங்கிய பீஸைத் திருப்பித் தர வேண்டும். வக்காலத்து ஒரு தடவை தாக்கலானால் நீதிமன்றத்தின் அனுமதியோடு முடிக்கும்வரை அது செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். “அவரை விட்டுட்டேன்” என்று நீங்கள் மனதுக்குள் முடிவு செய்துகொண்டால் போதாது. கோப்பில் அவர்தான் உங்கள் வக்கீல்.

வழக்கு ஆவணங்கள் அடங்கிய கேஸ் கட்டு விஷயத்தில்தான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பாக்கியைத் தீர்த்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்று சொன்னால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே பதில் சொல்லிவிட்டது. ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா வழக்கில், பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது, கேட்டும் தராமல் இருப்பது தொழில்முறைத் தவறு என்று தீர்ப்பானது. அதற்காகப் பாக்கி ரத்தாகிவிடாது. அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கலாம், கட்டைப் பிணையாக வைக்கத்தான் முடியாது. முதலில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்: வழக்கு எண், வேண்டிய ஆவணங்களின் பட்டியல், எந்தத் தேதிக்குள், அவ்வளவுதான். சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கட்டில் வழக்குரை, எதிருரை, இடைக்கால மனுக்களும் உத்தரவுகளும், சாட்சியப் பிரமாணப் பத்திரங்கள், குறுக்கு விசாரணைப் பதிவுகள், நீங்கள் கொடுத்த அசல்கள் எல்லாம் இருக்க வேண்டும். சான்றாவணமாகக் குறியீடு செய்யப்பட்ட அசல் பத்திரங்கள் நீதிமன்றத்தின் வசம் இருக்கும், அவற்றுக்காக வக்கீலிடம் சண்டை போட வேண்டாம்.

கட்டு வராவிட்டாலும் வழக்கு நின்றுவிடாது. நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனுப் போட்டால் சான்றிட்ட நகல்கள் கிடைக்கும். புதிய வக்கீல் வக்காலத்து போட, பழையவரின் சம்மதம் வேண்டும் என்பது வழக்கம். அவர் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதித் தருவார். தர மறுத்தால், காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்திடமே அனுமதி வாங்கலாம் என்று பார் கவுன்சிலின் 39ஆம் விதி சொல்கிறது. அடாவடி தொடர்ந்தால் வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35இன் கீழ் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இனி இலவச சட்ட உதவி. இது பரம ஏழைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதனால் உரிமை உள்ளவர்களே நகையை அடகு வைத்து பீஸ் கட்டுகிறார்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் 1987, பிரிவு 12ஐ ஒரு தடவை படித்துப் பார்த்தால் இந்த எண்ணம் போய்விடும். பெண்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு, அவர்கள் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியை, ஐ.டி. ஊழியர், சொந்த வீடு உள்ளவர் யாராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் அல்லது சிறையில் இருப்பவர்கள், மனிதக் கடத்தலுக்கு ஆளானவர்கள், வெள்ளம், வறட்சி, சாதி வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் வருமான வரம்பு இல்லை. இவற்றில் எதிலும் வராதவருக்குத்தான் வருமானக் கணக்கு. தமிழ்நாட்டில் அந்த வரம்பு வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய், உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு 5 லட்சம். ஏற்கெனவே தனியார் வக்கீல் வைத்து நடத்திய வழக்கு என்பது தடையல்ல. எந்தக் கட்டத்திலும் கேட்கலாம்.

உதவி வக்கீலோடு முடிவதில்லை. நீதிமன்றக் கட்டணம், சம்மன் கட்டணம், சான்றிட்ட நகல், ஆவண மொழிபெயர்ப்பு, மேல்முறையீட்டுக்கான தாள்கட்டு (வழக்கு ஆவணத் தொகுப்பு) எல்லாம் இதில் அடங்கும். வழக்கிலோ எதிர்வாதத்திலோ மேலோட்டமாகப் பார்த்தாலே ஏதோ ஒரு நியாயம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் வழக்கு எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது. தாலுகா அளவிலான நீதிமன்றம் என்றால் அதே வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு. மாவட்ட நீதிமன்றம் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. அங்கே செயலாளர் ஒரு நீதித்துறை அதிகாரி, அவரை நேரில் பார்த்துப் பேசலாம். உயர் நீதிமன்றத்துக்குச் சென்னையிலும் மதுரையிலும் தனித்தனிக் குழுக்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும், நால்சா எனப்படும் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அவசரம் என்றால் நேரில் போவதுதான் நல்லது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது: பெயர், முகவரி, போன் எண், எந்த வகையில் தகுதி, வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா, வழக்கின் சுருக்கம் அரைப் பக்கம், இப்போது ஏன் தனியார் வக்கீலைத் தொடர முடியவில்லை என்பது இரண்டு வரி. வாய்தா தேதியை மேலே பெரிதாக எழுதுங்கள். விண்ணப்பம் கிடப்பில் விழாமலிருக்க அது உதவும். கூட ஆதார் நகல், பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் சாதிச் சான்று, வருமானத்தை வைத்துக் கேட்பவர் என்றால் வருமானச் சான்று, வழக்கு ஆவணங்களின் நகல். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த வருமானச் சான்று வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். சந்தேகிக்கக் காரணம் இல்லாதபோது விண்ணப்பதாரரின் பிரமாணப் பத்திரத்தையே வருமானத்துக்குப் போதுமானதாகக் கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. கொடுத்ததற்கு முத்திரை போட்ட ஒப்புகை வாங்குங்கள். வாய்தாவில் காட்ட அதுதான் உங்கள் கையில் உள்ள ஆதாரம். 7 நாளுக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்பது விதி. மறுத்தால் ஆணைக்குழுவின் தலைவரிடம், அதாவது மாவட்டத்தில் மாவட்ட நீதிபதியிடம், மேல்முறையீடு செய்யலாம்.

ஆணைக்குழு தன் பட்டியலிலிருந்து ஒதுக்கும் பேனல் வக்கீல் எப்படி இருப்பார் என்ற கவலை நியாயமானது. நல்லவர்களும் உண்டு, அக்கறை இல்லாதவர்களும் உண்டு. ஆணைக்குழு தரும் பீஸ் தனியார் சந்தையைவிடக் குறைவு, அதனால் வேகம் குறையலாம். அந்தக் குறையை ஓரளவுக்கு உங்கள் உழைப்பால் ஈடுகட்டலாம். முதல் சந்திப்புக்கே தேதிவாரியாக நடந்தவற்றை 2 பக்கத்தில் எழுதி, ஆவணங்களை எண் போட்டு அடுக்கிக் கொண்டுபோங்கள். முந்தைய வக்கீல் எதை நிரூபிக்க எந்தச் சாட்சியை வைத்திருந்தார் என்பதையும் எழுதுங்கள். கட்டில் இல்லாத, பழையவரின் மனதில் மட்டும் இருந்த விவரம்தான் வக்கீல் மாறும்போது தொலைந்துபோகும். குறுக்கு விசாரணைக்கு முந்தின வாரம் வக்கீலை மாற்றுவது ஆபத்து என்பதற்குக் காரணமும் இதுவே. முடிந்தால் ஒரு சாட்சியின் விசாரணை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மாற்றுங்கள். பேனல் வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. கேட்டாலோ வாய்தாவுக்கு வராவிட்டாலோ செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள், வேறு வக்கீலை ஒதுக்கக் கேட்கலாம்.

குற்ற வழக்கில் எதிரியாக இருப்பவரின் நிலை இன்னும் வலுவானது. வசதி இல்லாத எதிரிக்கு அரசு செலவில் வக்கீல் வைப்பது நீதிமன்றத்தின் கடமை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 341ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சட்டத்தில் இது செஷன்ஸ் வழக்குகளுக்குத்தான் நேரடியாகப் பொருந்தியது, இப்போது எந்த நீதிமன்ற விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் பொருந்தும். மாஜிஸ்திரேட்டிடம் வாயால் கேட்டாலே போதும். நால்சா 2022இல் கொண்டுவந்த திட்டத்தின்படி, பல மாவட்டங்களில் குற்ற வழக்குகளுக்கென்றே முழுநேரச் சட்ட உதவி வக்கீல்கள் இருக்கிறார்கள். தனியாகத் தொழில் செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆயுள் தண்டனையோ தூக்கோ விதிக்கக்கூடிய வழக்கென்றால் குறைந்தது 10 வருட அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராக அவருக்குப் பொதுவாக 7 நாளாவது தர வேண்டும் என்று 2019இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நியமித்த அன்றே வாதாடச் சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைவூட்டலாம்.

குடும்ப வழக்கில் பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது: வழக்குச் செலவை எதிர்த்தரப்பிடமே கேட்பது. இந்து திருமணச் சட்டம் பிரிவு 24இன் கீழ், போதிய சொந்த வருமானம் இல்லாதவர் இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்கு நடத்தும் செலவையும் கேட்டு மனுப் போடலாம். மனைவிதான் என்றில்லை, கணவனும் கேட்கலாம். ஜீவனாம்ச வழக்குகளிலும், அதாவது மேலே சொன்ன பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவிலும், செலவுத்தொகை கேட்க இடமுண்டு. நோட்டீஸ் சார்பு செய்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடப்பில் இழுக்கும். இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வருமான விவரம் முழுமையாக இல்லாதது. 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுடையதை மனுவோடு சேர்த்தே கொடுத்துவிட்டால், தாமதத்துக்கான பழி எதிர்த்தரப்பு மேல் விழும்.

நீதிமன்றக் கட்டணமே தடையாக இருந்தால், சட்ட உதவித் தகுதி இல்லாதவரும் சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 33இன் கீழ் வறியவராக வழக்கு நடத்த அனுமதி கேட்கலாம். கட்டணம் தள்ளுபடியாவதில்லை, தள்ளிப்போகிறது. உங்கள் சொத்துப் பட்டியலை முழுமையாகக் கொடுக்க வேண்டும். ஒரு சிறு நிலத்தை மறைத்தது தெரிந்தாலும் மனு போய்விடும். அனுமதி கிடைத்தபின் வக்கீல் இல்லாவிட்டால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கலாம்.

சமரசத்தையும் தோல்வி என்று ஒதுக்காதீர்கள். இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது, சமரசருக்கு நீங்கள் பீஸ் தர வேண்டியதில்லை. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடிந்தால் அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பிவரும். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கட்டணம் 3 சதவீதம், 10 லட்சம் கேட்டுப் போட்ட வழக்கென்றால் 30,000 ரூபாய். வெளியே தங்களுக்குள் பேசி முடித்தவர்களுக்கும் இந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். ஆனால் மேல்முறையீடு இல்லை என்பதால் கையெழுத்திடும் முன் சட்ட உதவி வக்கீல் ஒருவரிடமாவது நிபந்தனைகளைக் காட்டுங்கள். பணம் எந்தத் தேதிக்குள், தவறினால் வட்டி எவ்வளவு என்ற இரண்டும் இல்லாத ஒப்பந்தம் பிறகு அதை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில்தான் போய் முடியும்.

தானே வாதாடுவது எல்லா வழக்குக்கும் சரிவராது. நுகர்வோர் ஆணையத்தில் தாராளமாகச் செய்யலாம். அங்கே கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஜீவனாம்ச வழக்கிலும் முடியும், குடும்ப நல நீதிமன்றம் அடிப்படையில் கட்சிக்காரர்கள் நேரில் பேசுவதற்காக அமைந்ததுதான். ஆனால் சொத்து வழக்கில் ஒரு பத்திரத்தைக் குறியீடு செய்ய எடுக்கும் ஆட்சேபணைக்கு அந்த நிமிடமே பதில் சொல்லத் தெரிய வேண்டும். குற்ற வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியிடம் கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டால் அந்தப் பதில் தீர்ப்பு வரை உங்களைத் துரத்தும். அங்கே தனியாக நிற்காதீர்கள்.

கடைசியாக, வழக்கையே வாபஸ் வாங்கிவிடலாம் என்ற யோசனை. பணம் வந்தபிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, வழக்கை வாபஸ் வாங்குவதாக நீதிமன்றத்துக்குச் சொல்லும் மெமோவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்கினால் அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. புதிதாக வழக்குத் தொடர அனுமதியோடு வாபஸ் வாங்க, வழக்கில் முறைசார்ந்த குறை இருக்கிறது என்றோ அதற்கு ஒப்பான காரணம் உண்டு என்றோ நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். பணம் இல்லை என்பது மட்டும் போதாது. அனுமதி கிடைத்தாலும் காலவரம்பு முதல் வழக்கே போடாதது போலத்தான் கணக்காகும். 3 வருடக் கெடு உள்ள பண வழக்கு 4 வருடம் ஓடியிருந்தால், வாபஸுக்குப் பிறகு போட வழக்கே இருக்காது. எனவே அப்படி ஒரு மெமோவை யாராவது நீட்டினால், உடனே கையெழுத்திடாமல் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு நேராகச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் அங்குள்ள வக்கீலிடம் காட்டுங்கள்.